குளம் நம்முடையது; தூர் எடுப்பவர் யார்?

2023ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், திங்கட்கிழமை மாலை. விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. எங்கள் மகளிர் விடுதியின் இரண்டாம் மாடியில் திடீரென்று ஒரு சலசலப்பு. மின்சாரம் போய்விடவில்லை, குழாயில் தண்ணீரும் நின்றுவிடவில்லை. அவை நின்றால்கூட எங்கள் மாணவியர் அவ்வளவு பதறுவதில்லை. "ஏ.ஓ.3 திறக்கவில்லை" என்பதுதான் செய்தி.

கணிதத் துறையைச் சேர்ந்த தங்கை ஒருத்தி கையில் தொலைபேசியுடன் என் அறைக்கு வந்தாள். நந்தினியைப் பற்றிய கதை ஒன்றைப் பாதி படித்திருந்தாளாம். அடுத்த அத்தியாயத்தைத் தொட்டால் வெற்றுப் பக்கமே வருகிறது.

"என்ன அக்கா இது! இத்தனை பேர் படிக்கிறோம். முன்னறிவிப்பு இல்லாமல் மூடிவிட்டார்களே, கேட்பவர் யாரும் இல்லையா?" என்று பொரிந்தாள்.

"கேட்கலாம். யாரைக் கேட்பாய்?" என்றேன்.

"நடத்துகிற கம்பெனிக்காரரைத்தான்!"

"கம்பெனி எதுவும் இல்லையே. உன்னைப்போலப் படிக்கிறவர்களும் எங்கோ வேலை பார்க்கிறவர்களும் ஓய்ந்த நேரத்தில் கூடி நடத்துகிறார்கள்."

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சம்பளம் இல்லாமலா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்பது அதன் முழுப் பெயர். சுருக்கமாக ஏ.ஓ.3 என்பர். ரசிகர்கள் எழுதும் கதைகளைச் சேர்த்து வைக்கும் இணையக் காப்பகம் அது. ஒரு நாவலைப் படித்து முடித்தபின், அதன் மாந்தர் நம் மனத்தை விட்டு அகல மறுக்கின்றனர். பிறகு அவர்கள் என்ன ஆயினர், அன்று அவள் வேறு விடை சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நாமே எண்ணத் தொடங்குகிறோம். எண்ணியதை எழுதினால் அது ரசிகர் கதை. ஃபேன் ஃபிக்‌ஷன் என்று இன்று வழங்குவது அதுவே.

இது அயல்நாட்டார் விளையாட்டு என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை அவர் ஐயத்திற்கு இடம் வைத்தே விட்டுச் சென்றார். அந்த ஐயத்தை ஆளுக்கொரு விதமாகத் தீர்த்துக்கொள்ளாத தமிழ் வீடு உண்டா? கல்கி நிறுத்திய இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதவில்லையா? இன்று அதே வேலையை நம் தங்கையர் இந்தக் காப்பகத்தில் செய்கின்றனர். பொன்னியின் செல்வன் கதைகளுக்கு அங்கே தனி இடம் இருக்கிறது. கதையின் மொழியைக் குறிக்கும் பட்டியலில் தமிழும் இருக்கிறது. ஆகவே அது நமக்கும் உரிய குளம்தான்.

இந்தக் குளத்தை யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

அதற்கு முன் ரசிகர் கதைகள் பிறர் வீட்டுத் திண்ணையில் வாழ்ந்தன. திண்ணைக்கு உரியவர் எழுந்து போ என்றால் போக வேண்டியதுதான். 1998இல் தொடங்கிய ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் என்னும் பெரிய தளம், வயது வந்தோருக்கான கதைகள் இனி வேண்டாமென்று 2002இல் விலக்கியது. 2007 மே மாத இறுதியில் லைவ்ஜர்னல் என்னும் தளம் சுமார் 500 பக்கங்களை ஒரே வீச்சில் முடக்கியது. வெளியார் குழு ஒன்றின் புகாரே அதற்குக் காரணம். முடக்கப்பட்ட பெயர்களின்மேல் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது. குற்றம் செய்தவரைத் தேடிய அந்த வீச்சில், 'லோலிடா' நாவலைப் பற்றி ஸ்பானிய மொழியில் உரையாடிய குழுவும், பாலியல் கொடுமைக்கு ஆளாகி மீண்டவர்கள் ஒருவர்க்கொருவர் ஆறுதல் கூறிய குழுவும் சேர்ந்தே அடிபட்டன. பின்னர் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பலவற்றைத் திருப்பித் தந்தது. ஆனால் பட்ட அச்சம் திரும்பிப் போகுமா?

அதே 2007இல் ஃபேன்லிப் என்னும் வணிக நிறுவனம் ரசிகர் கதைகளைத் திரட்டி ஆதாயம் காண முயன்றது. எழுதுகிறவர் பெரும்பாலும் பெண்கள், எழுத்து அவர்களுடையது, ஆதாயம் மட்டும் வேறொருவருக்கு! அந்த நிறுவனமும் மறு ஆண்டே கடையைக் கட்டியது. இதற்கெல்லாம் விடையாக, நாவலாசிரியர் நவோமி நோவிக் முதலிய ரசிகர்கள், 'நமக்கென்று ஒரு வீடு வேண்டும். அதன் நிலமும் நம்முடையதாக இருக்க வேண்டும்' என்று முடிவு செய்தனர். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' என்ற நூலின் பெயரை ஒட்டியே காப்பகத்துக்குப் பெயர் அமைந்தது. ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் ஒர்க்ஸ் என்னும் இலாப நோக்கில்லாத அமைப்பு 2007இல் தோன்றியது. 2009 நவம்பரில் காப்பகம் பொதுமக்களுக்குத் திறந்தது. இன்று அங்கே ஒரு கோடிக்கு மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. 2019இல் அறிவியல் புனைகதை உலகின் ஹியூகோ விருதும் அதற்குக் கிடைத்தது.

விளம்பரம் அங்கே இல்லை. கட்டணமும் இல்லை. ஆண்டுக்கு இருமுறை நன்கொடை திரட்டுகிறார்கள். 10 டாலர் கொடுத்தவர் உறுப்பினராகி, நிர்வாகக் குழுத் தேர்தலில் வாக்களிக்கலாம். நிர்வாகக் குழுவினரும் தொண்டர்களே. கதைகளைத் தாங்கும் சர்வர்களை அமைப்பே சொந்தமாக வைத்திருக்கிறது. காரணம் எளிது. வாடகை வீட்டுக்காரர் கண் சிவந்தால் என்ன ஆகும் என்பதை 2007இல் அவர்கள் கண்டுவிட்டார்கள்.

நம் ஊர்ப்பக்கத்தில் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்தது. மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியுடன் ஏரிக்குச் சென்று தூர் எடுப்பார்கள், கரையை உயர்த்துவார்கள், மதகைச் சீர் செய்வார்கள். தண்ணீர் எல்லாருக்கும் பொது. வேலையும் எல்லாருக்கும் பொது. வேலைக்கு வராமல் தண்ணீருக்கு மட்டும் வருபவனை ஊர் ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வைக்கு அஞ்சியே பலர் மண்வெட்டி எடுத்தனர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இணையத்தில் அந்தப் பார்வை இல்லை. அதனால்தான் இலட்சக்கணக்கானோர் நீர் மொண்டு செல்ல, சில நூறு பேர் தூர் எடுக்கின்றனர்.

அன்று மாலை நடந்தது என்ன? காப்பகத்தின் மேல் யாரோ தாக்குதல் தொடுத்திருந்தனர். கலியாண வீட்டு வாயிலில் அழைப்பில்லாத ஆயிரம் பேர் வந்து அடைத்துக்கொண்டு நின்றால், அழைப்பிதழுடன் வந்தவர் உள்ளே நுழைய முடியுமா? அவ்வாறே பொய்யான வேண்டுகோள்களைப் பெருவெள்ளமாக அனுப்பிச் சர்வர்களைத் திணற வைத்தனர். உள்ளிருந்த கதைகளுக்கோ கடவுச்சொற்களுக்கோ சேதமில்லை, வாயில்தான் அடைபட்டது. சற்றேறக்குறைய ஒரு நாள் கழித்துக் காப்பகம் எழுந்து நின்றது. அந்த ஒரு நாளில் உலகெங்கும் கோபித்தவர் பலர். அந்நேரத்தில் உறக்கமின்றிக் கணிப்பொறியின்முன் உட்கார்ந்திருந்தவர் சிலர். அச்சிலர் மறுநாள் காலையில் தத்தம் அலுவலகத்துக்கும் போயாக வேண்டியவர்கள் என்பதை நாம் நினைத்தோமா?

இயந்திரம் பழுதுபடுவதை ஒரு நாளில் சரிசெய்துவிடலாம். கொள்கை பற்றிய சச்சரவு அப்படிப்பட்டதன்று. அது ஆண்டுதோறும் வரும் வெள்ளம்.

காப்பகத்தின் கொள்கையை ஒரு வரியில் சொல்லலாம்: சட்டத்துக்கு உட்பட்ட எந்த ரசிகர் படைப்பையும் வைப்போம், உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாயிலிலேயே எழுதி வைப்போம், நுழைவதும் நுழையாததும் உங்கள் விருப்பம். இதற்காக ஒவ்வொரு கதையின் தலைப்பிலும் தகுதிக் குறிப்பு உண்டு: அனைவருக்கும் உரியது, பதின்பருவத்தார்க்கு உரியது, முதிர்ந்தோர்க்கு உரியது, வெளிப்படையானது, குறிப்பிடப்படாதது என்று. கடும் வன்முறை, முக்கிய மாந்தரின் சாவு, வல்லுறவு, வயது வராதோர் தொடர்பான பாலியல் செய்தி ஆகியவற்றுக்குத் தனித்தனி எச்சரிக்கை உண்டு. எச்சரிக்கை தர எழுத்தாளர் விரும்பவில்லையெனில், 'விரும்பவில்லை' என்பதையே அறிவிக்க வேண்டும். அதுவும் ஓர் எச்சரிக்கைதான். அஞ்சுபவர் விலகிப் போகலாம். திருட்டு எழுத்து, வணிக விளம்பரம், பிறரை வதைத்தல், குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை.

இவற்றின்மேல் எழுத்தாளர் தம் மனம்போல் குறிச்சொற்கள் இடலாம். ஒருவர் 'வந்தியத்தேவன்' என்பார். இன்னொருவர் 'வல்லவரையன்' என்பார். ஆங்கில எழுத்தில் எழுதுபவர் பத்து விதமாக எழுதுவார். இவையெல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று கண்டு, ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றைத் தேடினால் அனைத்தும் கிடைக்கும்படி செய்பவர்களும் தொண்டர்களே. எந்தப் பெயரும் அச்சேறாத வேலை இது. நூல்நிலையத்தில் அட்டவணை எழுதியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

"இப்படி எல்லாவற்றையும் வைக்கலாமா? ஆபாசத்தையும் அருவருப்பையும் களைந்து எறிந்தால் என்ன?" என்று கேட்பவர் உளர். நல்லவர்கள்தாம் கேட்கின்றனர், அவர்களை இகழ்வது என் நோக்கமன்று. படிக்கக் கூசும் கதைகள் அங்கே இருக்கின்றன என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் களை எது, பயிர் எது என்று முடிவு செய்பவர் யார் என்பதே என் கேள்வி. 2007இன் கோடு நாவலைப் படித்தவரையும் காயம்பட்டவரையும் சேர்த்தே அடித்தது. 2020இல் சீன நாட்டில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். தங்கள் அபிமான நடிகரைப் பற்றிய கதையொன்று பிடிக்காத ரசிகர் சிலர், கூட்டமாக அதிகாரிகளிடம் புகார் செய்தனர். அதையடுத்து, பிப்ரவரி 29 முதல் அந்நாட்டில் காப்பகமே திறக்காமற் போயிற்று. ஒரு கதையின்மேல் கொண்ட சினம், எத்தனையோ எழுத்தாளரின் கதவை அடைத்தது. புகார் செய்தவர்களும் ரசிகர்களே என்பதுதான் இதில் கசப்பான செய்தி.

ஆகவே, கொள்கை தெளிவாக இருக்க வேண்டும். சச்சரவு வருமுன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். வேண்டியவர்க்கும் வேண்டாதவர்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்குப் பிடிக்காத கதையையும் அங்கே இருக்க விடுகிறேன். அந்தப் பொறுமைதான், நாளை இன்னொருவருக்குப் பிடிக்காத என் கதையைக் காக்கிறது.

இவ்வளவு சொன்னதால் காப்பகத்தில் குறையே இல்லை என்று நான் வாதிப்பதாக எண்ண வேண்டாம். இனவெறி கொண்ட எழுத்தும், அதைச் சுட்டிக்காட்டுவோர்க்கு நேரும் வதையும் அங்கே நெடுநாளைய புண். இதற்கு மருந்து காண்போமென்று 2020 ஜூனில் அமைப்பு வாக்களித்தது. வாக்கு நிறைவேறத் தாமதமாகிறது என்று 2023 மே மாதத்தில் ரசிகர் பலர் கூடி இயக்கம் நடத்தினர். அவர்கள் கேட்டது நியாயமே. 'கதையில் எதையும் எழுதலாம்' என்பது ஒரு கொள்கை. 'மனிதரை எப்படியும் நடத்தலாம்' என்பது அதனுள் அடங்காது. வதைப்பவரைத் தடுக்கும் ஆளும் கருவியும் வேண்டும். அதில் சுணக்கம் காட்டினால் கொள்கைக்கே இழுக்கு. தொண்டர் என்பதற்காக ஒருவரும் கேள்விக்கு அப்பாற்பட்டவர் ஆகிவிட மாட்டார்.

ஆயினும் கேள்வி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தத் தொண்டர்களில் சிலருக்கு, பார்க்கவும் கூடாத, சட்டத்துக்குப் புறம்பான படங்களை மின்னஞ்சலில் அனுப்பி அச்சுறுத்தினர் சிலர். ஊதியமின்றி உழைப்பவருக்கு ஊர் கொடுக்கும் கூலி இதுவாக இருந்தால், நாளை மண்வெட்டியைத் தொட யார் வருவார்? குறை சொல்லும் உரிமை எல்லார்க்கும் உண்டு. ஒரு கூடை மண் சுமந்தபின் சொன்னால் அச்சொல்லுக்கு எடை கூடும் என்றுதான் சொல்கிறேன்.

நாம் சுமக்கக்கூடிய கூடை பெரியதன்று. 10 டாலர் என்பது விடுதி மாணவிக்குப் பெரிய தொகை, இருப்பவர் கொடுக்கட்டும். மற்றவர் தாம் எழுதும் கதைக்கு உண்மையான எச்சரிக்கையும் ஒழுங்கான குறிச்சொல்லும் இடலாம். அதுவே ஒரு தொண்டரின் வேலையைக் குறைக்கும். பிடித்த கதைகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். அதற்கான வசதியைக் காப்பகமே தருகிறது. அப்படி வைத்திருந்தால் வாயில் அடைபட்ட நாளில் பதற வேண்டியதில்லை. பிடிக்காத கதையைக் கண்டால் புகார்ப் பெட்டியைத் தேடுமுன் பக்கத்தை மூடிவிடலாம். நேரம் உள்ளவர் தொண்டராகச் சேரலாம். தமிழறிந்தவர் செய்யத்தக்க வேலை அங்கே இல்லாமற் போகாது.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். இச்சங்கத்தின் பழைய மலர்கள் பலவற்றை, சில ஆண்டுகளுக்கு முன் நம் மூத்த மாணவர்கள் அரும்பாடுபட்டுப் படமெடுத்து, செலவில்லாத இணையப் பக்கம் ஒன்றில் ஏற்றினார்கள். கடவுச்சொல் ஒருவரிடமே இருந்தது. அவர் படிப்பு முடிந்து போனார். தொலைபேசி எண்ணும் மாறியது. சென்ற ஆண்டு அப்பக்கத்தைத் தேடினேன், இல்லை. நெடுநாள் யாரும் நுழையாத பக்கங்களை அகற்றுவது அங்கே விதியாம். அலமாரியில் மிஞ்சியிருப்பவை சில மலர்களே. அவற்றிலும் கரையான் கை வைத்துவிட்டது. ஊரை விட்டு இத்தனை தொலைவு வந்து, பிறமொழி சூழ்ந்த இடத்தில் நம் முன்னோடிகள் தமிழில் எழுதிய கவிதைகளும் கதைகளும் இப்படிப் போயின. யார்மேல் குற்றம் சொல்வது? பகைவர் தாக்கவில்லை, அரசு தடுக்கவில்லை. தூர் எடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

ஒரு கோடிப் படைப்புகளைக் காக்கும் அந்தத் தொண்டர்களிடமிருந்து, முப்பது நாற்பது மலர்களைக் காக்க நாம் மூன்று பாடங்கள் கற்கலாம். சாவி ஒருவரிடம் இருக்கக் கூடாது, மூவரிடம் இருக்கட்டும், அவர்களில் ஒருவர் எப்போதும் முதலாண்டு மாணவராக இருக்கட்டும். பிரதி ஓரிடத்தில் இருக்கக் கூடாது; அலமாரியில் ஒன்று, கணிப்பொறியில் ஒன்று, வேறொரு நகரில் ஒன்று என்று இருக்கட்டும். மலரில் எதை வெளியிடுவோம், எதை வெளியிட மாட்டோம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுவோம். ஆசிரியர் மாறும்போதெல்லாம் கொள்கை மாறுவது நல்லதன்று.

அன்று என்னிடம் பொரிந்த தங்கை மறுநாள் மாலை மீண்டும் வந்தாள். "திறந்துவிட்டது, அக்கா" என்றாள். பிறகு, "நான் எழுதிய கதைக்கு எச்சரிக்கை எதுவும் போடவில்லை. அதைச் சரி செய்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்கப் போகிறேன்" என்றாள். ஒரு கூடை மண் கரையேறியது.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பழைய மலர்களைக் காக்க மூவர் பெயர் வேண்டுமென்று செயலாளரைக் கேட்டிருக்கிறேன். முதற்பெயராக என் பெயரை எழுதியாயிற்று. இன்னும் இரண்டு பெயர்கள் வேண்டும்.